முப்பதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் எடுத்துவிட்டு, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் நேயர் ஒருத்தரோட மெசேஜ்ல இருந்தே ஆரம்பிக்கலாம். "ப்ரோ, என் பார்ட்னருக்கு அடுத்த மாசம் முப்பது ஆகுது. பட்ஜெட் பதினஞ்சாயிரம். மறக்கவே முடியாத மாதிரி ஒரு கிஃப்ட் சொல்லுங்க." இதே கேள்வி வேற வேற தொகையோட எனக்கு வந்துக்கிட்டே இருக்கு. 29க்கு யாரும் கேட்கிறதில்ல, 31க்கும் கேட்கிறதில்ல. அப்படி என்ன இருக்கு இந்த முப்பதுல?

நம்ம ஊர்ல அறுபதுக்கு ஒரு கணக்கு இருக்கு. பிரபவ முதல் அட்சய வரை அறுபது தமிழ் வருஷப் பெயர்கள். ஒருத்தர் பிறந்த வருஷத்தின் பெயர் அறுபது வருஷம் கழிச்சுத் திரும்ப வருது, அதனாலதான் அறுபதாம் கல்யாணம். எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம்னு சடங்கு வரிசையா இருக்கு. முப்பதுக்கு எதுவும் கிடையாது. கேக், பலூன், இன்ஸ்டா ஸ்டோரி, அவ்வளவுதான். சடங்கு செய்ய வேண்டிய வேலையை எல்லாம் அந்த ஒரு கிஃப்ட் தலையில் நாம் ஏத்திவிடுகிறோம். பாவம், ஒரு ஸ்மார்ட் வாட்ச் எவ்வளவுதான் தாங்கும்?

ஆனா சடங்கு இல்லைன்னாலும் முப்பதுக்கு ஒரு பழமொழி இருக்கு: "முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்ல, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்ல." எங்க தாத்தா இதை கிரிக்கெட் ஸ்கோருக்குக்கூடச் சொல்வார். இதுக்குப் பின்னாடி இருக்கிறது சனி. சனி கிரகம் சூரியனை ஒருமுறை சுற்றிவர சுமார் 29.5 வருஷம் ஆகுது. ஜோசியத்தில் ஒரு ராசிக்கு ரெண்டரை வருஷம், பன்னிரண்டு ராசிக்கு முப்பது என்று சொல்வதும் அதே கணக்குதான். ஜோசியத்தை நம்புங்க, நம்பாம போங்க, வானத்தில் நடப்பது உண்மை: முப்பதைத் தொடும் ஒருத்தர் பிறந்தப்போ சனி எந்த நட்சத்திரங்களுக்கு நடுவே இருந்ததோ, கிட்டத்தட்ட அங்கேயே இப்ப திரும்பி வந்திருக்கு. 1995-ல் பிறந்தவங்களுக்கு ஒரு போனஸ். அந்த வருஷம் சனியின் வளையம் பூமிக்குத் தன் விளிம்பைக் காட்டியதால, டெலஸ்கோப்பில் பார்த்தால்கூட ஒரு மெல்லிய கோடாகி மறைந்தது. அதே காட்சி 2009-லும் 2025-லும் வந்தது. ஸ்டெல்லேரியம்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தா அந்த ராத்திரி வானத்தை அப்படியே காட்டும். ஆன்லைனில் ரெண்டாயிரம், மூவாயிரத்துக்கு விற்கும் "ஸ்டார் மேப்" போஸ்டர் வாங்குவதைவிட, இதில் நீங்களே ஒண்ணு எடுத்து ஸ்டுடியோவில் பிரின்ட் போடலாம்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். பரிசு கொடுப்பது பற்றி நிறைய ஆய்வுகள் இருக்கு. பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை, அதனால கொஞ்சம் உப்பு காரம் சரிபார்த்துத்தான் எடுத்துக்கணும். எனக்கு உபயோகமா இருந்தது மூணு.

முதலாவது, 2009-ல் ஃப்ளின், ஆடம்ஸ் என்ற இரண்டு பேர் செய்தது. விலை கூடினால் வாங்குகிறவர் கூடுதலா சந்தோஷப்படுவார் என்று கொடுப்பவர்கள் நினைக்கிறாங்க. வாங்கியவர்களிடம் கேட்டால் விலைக்கும் சந்தோஷத்துக்கும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. நிச்சயதார்த்த மோதிரத்தில் பார்த்தாங்க, பிறந்தநாள் பரிசிலும் பார்த்தாங்க, ரெண்டிலும் அதே கதை. இரண்டாவது, 2016-ல் காலாக், கிவி, வில்லியம்ஸ் எழுதியது. கொடுக்கிறவர் மனசு, கவரைப் பிரிக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் இருக்கு. வாங்குகிறவர் மனசு, அதுக்கப்புறம் அந்தப் பொருளோடு வாழப்போகும் நாட்களில் இருக்கு. ரீல்ஸில் வரும் பெட்டிக்குள்ள பெட்டி, பெட்டிக்குள்ள பலூன் எல்லாமே கொடுக்கிறவருக்கான கிஃப்ட்னு நான் சொல்றது இதனாலதான்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2017-ல் கிவியும் காலாக்கும் சொன்னது: நினைவும் பாசமும் கலந்த பரிசைப் பெறுகிறவங்க விரும்புற அளவுக்குக் கொடுக்கிறவங்க கொடுப்பதில்லை. காரணம் பயம். "இது அவங்களுக்குப் பிடிக்குமா?" என்ற சந்தேகம் வந்ததும், பிடிக்கும்னு நிச்சயமா தெரிஞ்ச ஹெட்ஃபோனுக்கோ பர்ஃப்யூமுக்கோ போயிடுறோம்.

தங்கம் பற்றிக் கேட்டவங்களுக்கு வேகமா ரெண்டு வரி. பதினஞ்சாயிரத்துக்கு இன்றைய விலையில் ரெண்டு கிராம்கூட வராது. அதிலும் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் போகும், திரும்ப விற்கும்போது இந்த மூணும் கைக்கு வராது. முதலீடுன்னு சொல்லி வாங்காதீங்க. ஆசைக்கு வாங்குறீங்கன்னா சந்தோஷமா வாங்குங்க. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க ஹெச்யூஐடி எண் கட்டாயம். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டு, கடையிலேயே நின்று சரிபாருங்க. பட்டுப்புடவைன்னா, அவங்களே வந்து நிறம் பார்த்து எடுக்கட்டும். சர்ப்ரைஸ் புடவை என்பது பீரோவின் கீழ்த்தட்டுக்குப் போற புடவை.

இப்ப நான் உண்மையில் பேச வந்த விஷயம். 90களில் பிறந்தவருக்கு முப்பது வயசுக்குப் பரிசு தேடுறீங்கன்னா, அவங்க வீட்டுப் பரணில் ஒரு விஹெச்எஸ் கேசட் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. காதுகுத்து, முதல் பிறந்தநாள், சித்தப்பா கல்யாணம். தெருமுனை ஸ்டுடியோக்காரர் தோளில் கேமராவும் உதவியாளர் கையில் லைட்டுமா வந்து எடுத்தது. அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்க்க இன்னிக்கு வீட்டில் கருவி கிடையாது. விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் அதை நிறுத்திடுச்சு. இப்ப ஓடுவது எல்லாம் பழைய மெஷின்கள், ஸ்பேர் கிடைக்கிற வரைக்கும் ஓடும்.

இன்னொரு பக்கம் டேப்பே தேயுது. பிளாஸ்டிக் நாடாமேல் காந்தத் துகள்களை ஒரு பசை பிடிச்சு வச்சிருக்கு. ஈரப்பதம் அந்தப் பசையை மெல்ல மெல்லச் சிதைக்கும். சென்னை மாதிரி கடலோர ஊர்ல பூஞ்சையும் பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியா பார்த்தா, நாடா விளிம்பில் வெள்ளைப் பொடி மாதிரி தெரியும். தெரிஞ்சா மெஷினில் போடவே கூடாது. பூஞ்சை மெஷினுக்குள் ஒட்டிக்கிட்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். முதலில் நாடாவைச் சுத்தம் பண்ணணும், அதுக்குத் தெரிஞ்ச ஆளிடம் கொடுக்கணும்.

இதில் என்னை உலுக்கிய ஒரு தகவல் உண்டு. சாதாரண விஹெச்எஸ்ஸில் படம் நாடாவின் நடுப்பகுதியில் சாய்வான கோடுகளாகப் பதிவாகுது. ஒலி, நாடாவின் மேல் விளிம்பில் ஒரு குறுகிய பட்டையாக ஓடுது. விளிம்புதான் முதலில் மடங்கும், முதலில் நையும். அதாவது முகம் தெளிவா தெரியும்போதே குரல் போயிடலாம்.

என் மனைவிக்கு முப்பது ஆனப்போ (ஆமா, என்னைவிட மூத்தவங்கதான், அது வேற எபிசோட்) நான் போனது இந்த வழிக்குத்தான். அவங்க காலேஜ் படிக்கும்போதே அவங்க அப்பா தவறிட்டார். ஃபோட்டோ நிறைய இருக்கு, குரல் எங்கேயும் இல்ல. 1996 காதுகுத்துக் கேசட் ஒண்ணு மட்டும் அத்தை வீட்டுப் பரணில் இருந்தது. மச்சான்கிட்டயும் அத்தைகிட்டயும் முதலில் பேசினேன். "இதைக் கொடுத்தா அவ தாங்குவாளா?" என்று கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "கொடுங்க மாப்ள, ஆனா ஆளுங்க முன்னாடி வேணாம்"னாங்க. எந்த ஆய்வும் சொல்லாத அறிவுரை அது.

வேலை சுலபம், பொறுமைதான் வேணும். மூணு மணி நேர கேசட்டை டிஜிட்டலாக்க மூணு மணி நேரம் ஆகும், வேகமா ஓட்ட முடியாது. இந்தியாவில் வந்தது பால் முறை. குடிக்கிற பால் இல்ல, நொடிக்கு 25 படம் காட்டும் ஒளிபரப்பு முறை. ஒவ்வொரு படமும் ஒற்றைப்படைக் கோடு, இரட்டைப்படைக் கோடு என்று ரெண்டு பாதியாக வரும். கணினியில் அப்படியே பார்த்தால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். எஃப்எஃப்எம்பெக்கில் அதைச் சரிசெய்யும் ஃபில்டர்கள் இருக்கு. அதுக்கு முன்னாடி, எதையும் தொடாத மூலப் பதிவு ஒண்ணைத் தனியா எடுத்து வைங்க, நாளைக்கு இன்னும் நல்ல மென்பொருள் வரும். ஸ்டுடியோவில் கொடுக்கிறீங்கன்னா, டிவிடியில் சுருக்கித் தராம பெரிய ஃபைலா கேளுங்க. 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுக்க வேணாம்னும் சொல்லிடுங்க. இழுத்தா எல்லோரும் பத்து கிலோ கூடிடுவாங்க.

எங்க கேசட்டில் பிரச்சினை வேற மாதிரி வந்தது. 90களின் விசேஷ வீடியோக்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், எடிட்டர் மொத்தத்துக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருப்பார். ரெண்டு மணி நேரம் மாமனார் வாயசைக்கிறார், பாட்டு ஓடுது. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கும் நடுவில் பதினோரு நொடி மட்டும் நிஜ ஒலி. அதில் ஆசாரி ஏதோ கேட்கிறார், குழந்தை அழுது, அவர் சொல்றார், "பாப்பா, இங்க பாரு, அப்பா இங்கதான் இருக்கேன்." இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் இருக்கு. ரொம்பக் கொஞ்சமா மட்டும் பயன்படுத்தினேன். அதிகமா போட்டால் குரல் ரோபோ மாதிரி ஆயிடும், அதுக்கு இரைச்சலே தேவலை.

பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி, நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போது, என்ன இருக்குன்னு முதலில் சொல்லிட்டுத்தான் கொடுத்தேன். இப்ப பார்க்கணும்னு கட்டாயம் இல்லைன்னும் சொன்னேன். அவங்க அன்னிக்குப் பார்க்கல. மூணு நாள் கழிச்சு, நான் ஆபீஸில் இருக்கும்போது தனியா பார்த்திருக்காங்க. சாயந்திரம் வந்தப்போ அதைப் பத்திப் பேசல, "அம்மா கட்டியிருந்த அந்தப் பச்சைப் புடவை இப்ப எங்க இருக்குன்னு கேட்கணும்"னு மட்டும் சொன்னாங்க. அந்த மூணு நாள் எனக்குக் கஷ்டமா இருந்தது, பொய் சொல்லல. கவரைப் பிரிக்கும் நிமிஷத்தில் கைதட்டல் கிடைக்காத கிஃப்ட் இது. எதிர்பார்ப்பை அதுக்குத் தகுந்த மாதிரி வச்சுக்கங்க.

எல்லார் வீட்டிலும் கேசட் இருக்காது. சிலருக்குச் சின்ன வயசு ஞாபகம் என்பதே திறக்கக் கூடாத கதவு. அப்பாவோடு பேசாதவங்க இருக்காங்க, வீட்டை விட்டு வந்தவங்க இருக்காங்க. அவங்களுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். உங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்து உண்டான நினைவில் இருந்து எடுங்க, இல்லைன்னா சேர்ந்து ஒரு இடத்துக்குப் போங்க. சான், மோகில்னர் ரெண்டு பேரும் 2017-ல் செய்த ஆய்வில், பொருளைவிட அனுபவத்தைப் பரிசா கொடுத்தது உறவை அதிகம் பலப்படுத்தியது. சேர்ந்து போகாம அவங்களை மட்டும் அனுப்பி வச்சாலும் அப்படித்தானாம்.

கேள்வி அனுப்பின நண்பரே, உங்களுக்கு ஒரு மாசம் இருக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமையே அவங்க அம்மாவுக்கோ அக்காவுக்கோ ஃபோன் போட்டு, பழைய கேசட் ஏதாவது இருக்கான்னு கேளுங்க. கிடைச்சா பரணில் இருந்து எடுத்த உடனே போட்டுப் பார்க்காதீங்க. துடைச்சு, ஏசி இல்லாத காய்ந்த அறையில் ஒரு நாள் நிமிர்த்தி வைங்க, வெள்ளைப் பொடி இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. முதுகுப் பக்க ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகடு உடையாம இருந்தா அதை உடைச்சிடுங்க, தப்பித் தவறி மேலே வேற எதுவும் பதிவாகாது. செலவு போக மிச்சம் இருக்கும் பணத்தில் ஒரு நல்ல ஹோட்டலில் ரெண்டு பேரும் சாப்பிடுங்க. கேசட் ஓடினதா இல்லையான்னு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.