கல்லும் கரையும்

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லி வாங்கப் போனேன். பூக்கார அக்காவின் பேச்சில் மூன்று முழமாகிவிட்டது. "கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்னு சும்மாவா சொன்னாங்க?" என்று சிரித்தார் மாமியார்.

எங்கள் பக்கத்துக் கல் லேசுப்பட்டதல்ல. பல்லாவரம் குன்றுகளில் இருப்பது சார்னோக்கைட். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைதான். அதை ஆராய்ந்த நிலவியலாளர் ஹாலந்து 1893-இல் எழுதிய கட்டுரையில் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். உளிக்கே சவால் விடும் கல் அது.

'கரைதல்' என்றால் நீரில் உப்புப்போல் இளகிக் கலப்பது. காக்கை கூவி அழைப்பதும் கரைதல்தான். குரலும் இளக்கமும் ஒரே சொல்லில்! கல்லையும் இளக்குவது இதமான பேச்சுதான்; பேச்சுக்கென்றே திருக்குறளில் 65ஆம் அதிகாரம், சொல்வன்மை, இருக்கிறது. அதட்டிப் பேசி வேலை வாங்குகிறவரை யாரும் 'கரைப்பார்' என்பதில்லை.