ஹெடர் வாங்க முதல் கராஜைப் பாருங்கோ

போன கிழமை எபிசோடில் எஞ்சின் டியூனிங் பற்றிக் கதைச்ச பிறகு, அஜக்ஸில் இருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணை, என்னட்ட 2013 சையன் எஃப்ஆர்-எஸ் நிக்குது. ஹெடர் மாத்தப் போறன். எதை வாங்குறது?" இரண்டு நிமிசத்தில் வாயால் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை, அதனால் இந்த மடலில் எழுதுகிறேன். சுபாரு பிஆர்ஸெட், டொயோட்டா 86 வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். மூன்றும் பெயர் மாறிய ஒரே கார்.

ஹெடர் என்பது சிலிண்டர்களில் இருந்து வருகிற புகையை வாங்கி, ஒன்றாகச் சேர்த்துப் பின்னுக்கு அனுப்புகிற குழாய்த் தொகுதி. வெறும் புகைபோக்கி என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் அதற்குள் ஒரு சின்ன விளையாட்டு நடக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடும். குழாய்கள் சேருகிற இடத்துக்கு அது போனதும், அங்கிருந்து அழுத்தம் குறைந்த ஓர் எதிர் அலை வால்வை நோக்கித் திரும்பி வரும். வால்வு மூட முதல் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையையும் இழுத்தெடுத்துப் புதுக் காற்றுக்கு இடம் விடும். நேரம் தவறினால் பிரயோசனம் இல்லை. ஊஞ்சலைத் தள்ளுற மாதிரித்தான்.

இதில் ஒரு சிக்கல். அலையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது புகையின் சூடு, எஞ்சின் சுற்றுகிற வேகம் இல்லை. 4000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 15 மில்லிசெக்கன், 7000இல் எட்டரைதான். அதனால் ஒரு நீளக் குழாய் ஓர் ஆர்பிஎம் பகுதியில்தான் சரியாக ஒத்துழைக்கும். நீளக் குழாய் நடு ஆர்பிஎம்முக்கு, கட்டைக் குழாய் மேலுக்கு. "எல்லா இடத்திலும் பவர் கூடும்" என்று விளம்பரம் சொன்னால் ஒருக்கா யோசியுங்கோ.

ஆகவே முதல் கேள்வி எந்த பிராண்ட் என்பது இல்லை, உங்கள் காருக்கு எங்கே குறை என்பதுதான். இந்தக் காரில் குறை எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். 2.0 லீட்டர் எஞ்சின், 205 நியூட்டன் மீட்டர் டோர்க், அது முழுசாக வருவது 6400 ஆர்பிஎம்முக்கு மேலே. 3500க்கும் 4500க்கும் இடையில் ஒரு பள்ளம். வெஸ்ட்னி ரோட்டில் இருந்து 401இல் ஏறி, ட்ரக் ஒன்றுக்கு முன்னால் நுழையப் பார்க்கும்போது கார் மூச்சு வாங்குதே, அதுதான். 2022இல் வந்த ஜிஆர் 86இல் எஞ்சினை 2.4 லீட்டராகப் பெருப்பிச்சு, 250 நியூட்டன் மீட்டரை 3700இலேயே கொண்டு வந்துவிட்டார்கள். புதுக் கார் வைத்திருப்பவருக்கு ஹெடர் மாத்த இருந்த பெரிய காரணமே போய்விட்டது.

பள்ளத்தை நிரப்புறதுதான் நோக்கம் என்றால் 4-2-1 அமைப்பை எடுங்கோ: நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும். 4-1 மேல் ஆர்பிஎம்முக்கு நல்லது, ரேஸ் ட்ராக்குக்குச் சரி. அடுத்தது, சம நீளமா சமமில்லாத நீளமா என்பது. பழைய டபிள்யூஆர்எக்ஸின் அந்த "டுக் டுக் டுக்" உறுமல் சமமில்லாத நீளத்தால் வந்தது. புகைத் துடிப்புகள் ஒழுங்கில்லாத இடைவெளியில் வந்து சேருவதால் அந்தச் சத்தம். எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் சத்தத்துக்காக வாங்குறோம் என்று தெரிந்து வாங்கவேணும்.

இனித்தான் முக்கியமான விசயம். இந்தக் காரில் முதல் கற்றலிடிக் கன்வேட்டர் ஹெடருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் "கற் இல்லாத" ஹெடர் வாங்கினால் நீங்கள் கழற்றி எறிவது வெறும் குழாயை இல்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் அதை வைத்ததே, குளிர் ஸ்டார்ட்டில் கெதியாகச் சூடாகி வேலை தொடங்கத்தான். பின்னால் இரண்டாவது ஒன்று இருக்கு, உண்மை. ஆனால் அது சூடாக இன்னும் நேரம் எடுக்கும்.

அஜக்ஸில் பலருடைய கராஜ் வீட்டோடு ஒட்டினது. ஜனவரியில் மைனஸ் இருபதில், கதவைத் திறந்துபோட்டு காரைச் சூடாக்குறவர்கள் எத்தனை பேர்! கற் சூடாகும் வரை எந்தக் காரும் காபன் மொனொக்சைட்டைத் தள்ளும். முதல் கற் இல்லாவிட்டால் அந்த நேரம் நீளும், மணமும் கூடும். மேல் அறையில் பிள்ளை படுத்திருக்கும். டைனோ கிராஃபில் இது தெரியாது.

"ட்ரைவ் க்ளீன் நிப்பாட்டீட்டாங்கள் தானே" என்று சொல்வார்கள். 2019 ஏப்ரலில் சாதாரணக் கார்களுக்கு அந்தச் சோதனை நின்றது உண்மை. சட்டம் நிற்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டுச் சாமானைக் கழற்றுவது ஒன்ராறியோவில் இன்றைக்கும் குற்றம். நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவு சத்தத்தையும் பார்க்கும். அதோடு செக் எஞ்சின் லைட்டும் எரியும். யூடியூபில் "வாரண்டி போகாது, சட்டம் இருக்கு" என்று சொல்றது 1975ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தை. அது கனடாவுக்குப் பொருந்தாது. கலிபோர்னியாவின் அனுமதி எண் உள்ள ஹெடர் என்றால், யாரோ சோதிச்சிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையாவது இருக்கும்.

உலோகத்துக்கு வருவம். 401இல் கொட்டுற உப்புக்கு 304 ஸ்ரெயின்லெஸ்தான் தாங்கும். 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். 409இல் குரோமியம் 11 வீதம் அளவில்தான், நாளடைவில் மேலே கறள் பிடிக்கும். கடையில் சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கோ. 409 பிடிக்கும், 304 அநேகமாகப் பிடிக்காது. 304 சூட்டில் கூட விரியும், அதனால் வெல்டிங்கை நல்லாப் பாருங்கோ, பிளாஞ்ச் தடிப்பாக இருக்கவேணும். சூட்டை மறைக்கச் சுத்துற துணிப் பட்டி வேண்டாம். உப்புத் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

செலவைக் கணக்குப் பார்க்கும்போது டியூனையும் கூலியையும் சேருங்கோ. டியூன் இல்லாமல் ஹெடர் பாதி வேலைதான். பத்துப் பன்னிரண்டு பனிக்காலம் கண்ட நட்டுகள் கழலாது, உடையும். மூன்று நாள் முதலே ஒயில் அடிச்சு வையுங்கோ.

தம்பிக்கு என் பதில்: கற் உள்ள, சம நீள, 304 ஸ்ரெயின்லெஸ் 4-2-1. காசு காணாவிட்டால் நல்ல ரயர் போட்டு, கோடையில் ஒரு நாள் போமன்வில் பக்கம் மோஸ்போர்ட் ட்ராக்குக்குப் போங்கோ, அதே காசுக்குக் கூடச் சந்தோசம். ஹெடர்தான் என்றால், ஏப்ரலில் உப்பைக் கழுவின பிறகு வேலையைத் தொடங்குங்கோ. பழையதை ஸ்கிராப்காரனுக்குக் குடுத்திடாதேங்கோ. உள்ளே பிளாட்டினமும் ரோடியமும் இருப்பதால் அவர் சிரிச்சுக்கொண்டே வாங்குவார். காரை விக்கிற நாளில் அதைத்தான் தேடுவீங்கள்.