பெருந்தொற்றும் பி.ஜி. டாக்டர்களின் படிப்பும்

மீஞ்சூரிலிருந்தும் பழவேற்காட்டு மீனவர் குப்பங்களிலிருந்தும் பெரிய வைத்தியத்துக்குக் கிளம்புகிறவர்கள் பலரும் போய்ச் சேர்வது சென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத்தான். அங்கே ஓ.பி.யில் முதலில் பரிசோதிப்பவரும், நள்ளிரவில் வார்டைப் பார்த்துக்கொள்பவரும் பெரும்பாலும் பி.ஜி. டாக்டர்கள். எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. அல்லது எம்.எஸ். படிப்பவர்கள். மூன்று ஆண்டுப் படிப்பு. வேலையும் படிப்பும் ஒன்றாகவே நடக்கும்.

எப்படிக் கற்கிறார்கள்?

குடலிறக்க ஆபரேஷனையே எடுத்துக்கொள்வோம். முதலாண்டு மாணவர், மூத்தவர் வெட்டிய இடத்தை விரித்துப் பிடித்து நிற்பார், தோலைத் தைக்கப் பழகுவார். அடுத்த ஆண்டு, மூத்தவர் சொல்லச் சொல்ல ஆபரேஷனில் ஒரு பகுதியைத் தானே செய்வார். கடைசி ஆண்டில் மூத்தவர் பக்கத்தில் நிற்க, முழுவதையும் முடிப்பார். நரம்பு எங்கே ஓடுகிறது, தசையை எவ்வளவு இழுக்கலாம் என்பதெல்லாம் செய்து செய்துதான் கைக்கு வரும். அதற்கு நோயாளிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கொரோனா என்ன செய்தது?

2020 மார்ச் இறுதியில், நோயாளிகள் வந்துசேர உதவிய மின்சார ரயில்கள் நின்றன. பொதுமக்களுக்காக அவை மீண்டும் ஓட மாதக்கணக்கில் ஆனது. அவசரமில்லாத ஆபரேஷன்களை மருத்துவமனைகளும் தள்ளிப்போட்டன. ஓமந்தூரார் அரசு மருத்துவமனை கொரோனாவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மற்ற பெரிய மருத்துவமனைகளிலும் கொரோனா வார்டுகள் பெருகின. கண், எலும்பு, தோல் என எந்தத் துறையில் படித்தவருக்கும் கோவிட் ட்யூட்டி வந்தது. ஆக்ஸிஜன் அளவைக் கணிப்பதிலும் வென்டிலேட்டரைக் கையாள்வதிலும் பலர் தேர்ந்தார்கள். ஆனால் சொந்தத் துறையின் பாடம் பாதியில் நின்றது.

அடுத்த அடி 2021இல். பி.ஜி. படிப்பில் சேர்வதற்கான முதுநிலை நீட் தேர்வு தள்ளிப்போய் செப்டம்பர் 11 அன்று நடந்தது. இடஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. முதலாண்டு மாணவர்கள் வராததால், மூன்று வகுப்புகள் பகிர வேண்டிய வேலை மற்றவர்கள் தலையில் விழுந்தது. புதியவர்கள் சேரும்வரை கடைசி ஆண்டினரைப் பணியில் வைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசும் 2021 மே மாதம் அறிவித்திருந்தது. ட்யூட்டி முடிந்து தூங்கவே நேரமில்லாதவர் எப்போது படிப்பார்?

இனி என்ன செய்யலாம்?

பி.ஜி. மாணவர் ஒவ்வொருவரும் தாம் பார்த்த, செய்த சிகிச்சைகளைப் பதிவேட்டில் எழுதுவது விதி. அதைப் புரட்டினாலே யாருக்கு எதில் பயிற்சி குறைந்தது என்று தெரிந்துவிடும். குறைந்ததை மூத்தவர் மேற்பார்வையில் ஈடுகட்ட வைக்கலாம். மாவட்ட மருத்துவமனைகளில் மூன்று மாதம் பணியாற்றும் திட்டமும் இப்போது இருக்கிறது. அங்கே குடலிறக்கம், பிரசவம், எலும்பு முறிவு போன்ற அன்றாடக் கேஸ்களில் கை பழகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. அடுத்த தொற்று வரும்போது அதற்கென ஒரு மருத்துவமனையை ஒதுக்குகிற அன்றே, மற்ற நோய்களுக்கென இன்னொன்றைத் திறந்து வைத்தாக வேண்டும். வலியோடு வருபவருக்கு வைத்தியம் கிடைக்கும். நாளை அவர் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்யப்போகிறவரின் படிப்பும் தடைபடாது.