படுக்க வைப்பதா, நடக்க வைப்பதா?



வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி வருகிறது. டுரியான் துங்காலிலிருந்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம். நல்ல வேளையாகப் பிழைத்து, சில நாளில் வீடு திரும்புகிறார். அன்று முதல் நாம் அவரை எப்படி நடத்துகிறோம்? கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. தண்ணீர்ச் செம்பு கைக்கு வருகிறது. சோறு கட்டிலுக்கு வருகிறது. அவர் வாசல்வரை வந்தால்கூட, "ஐயோ, உள்ளே போய்ப் படுங்க" என்று பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். அத்தனையும் அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த அன்பே அவரை மெலிய வைத்துவிடக்கூடும் என்பதைத்தான் நாம் இன்று பேச இருக்கிறோம்.

ஆஸ்பத்திரிகளில் பிசியோதெராபி என்று ஒரு பகுதி இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் இதை இயன்முறை மருத்துவம் என்கிறார்கள். கை கால் முறிந்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் உரிய இடம் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அங்கே வேலை உண்டு என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் நம் பேச்சு வழக்கைக் கவனியுங்கள். நெஞ்சு வலி என்றால் இதயம். நெஞ்சுச் சளி என்றால் நுரையீரல். இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். அது பொருத்தமும்கூட. நுரையீரல் காற்றை வாங்குகிறது, இதயம் அதை இரத்தத்தின் வழியாக உடலெங்கும் அனுப்புகிறது. ஒன்று தளர்ந்தால் மற்றதும் தடுமாறும்.

நுரையீரலில் ஏறத்தாழ 30 கோடி நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய ஒரு பூப்பந்து ஆடுகளத்தை மூடிவிடலாம். இதயமோ ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இவ்வளவு பெரிய ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்க வேண்டுமானால் உடலும் ஓரளவு அசைந்துகொண்டிருக்க வேண்டும்.

மாரடைப்பு வந்தவர் அசையக்கூடாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டும் சொன்னது அன்று. மருத்துவர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 1950 வாக்கில்கூட மேல்நாடுகளில் மாரடைப்பு நோயாளியை ஆறு வாரம்வரை மல்லாந்து படுக்க வைப்பது வழக்கமாக இருந்தது. அப்படிப் படுத்தவர்களுக்குக் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறி, அதனாலேயே உயிர் போனதும் உண்டு. 1952-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்டு லவுனும், நோயாளிகளைச் சில நாட்களிலேயே கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெறும் நாற்காலிதான்! அதற்கே எதிர்ப்பு பலமாக இருந்தது. நாளடைவில் உலகமே அவர்கள் வழிக்கு வந்தது.

இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், சுகமாக இருந்த 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்தார்கள். எழுந்தபோது அவர்களின் உழைக்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். 30 ஆண்டு மூப்பு செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்ததாம். நோயில்லாத காளைப் பருவத்தினருக்கே இந்த நிலை என்றால், மாரடைப்பு வந்த 55 வயதுக்காரரைக் கட்டிலோடு கட்டிப்போட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவேதான் இன்று நோயாளியின் நிலை தேறியதும் பிசியோதெராபி ஊழியர் கட்டிலருகே வந்துவிடுகிறார். முதலில் கால் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்வார். பிறகு உட்காருதல், நிற்றல், வார்டுக்குள் நடத்தல், கடைசியில் படி ஏறுதல். நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துப் பார்த்தே ஒவ்வொரு படியாக உயர்த்துவார்கள். வீட்டுக்கு வந்த பின் அதைத் தொடர்வது நம் பொறுப்பு. முதல் வாரம் வாசலிலிருந்து தெருமுனைவரை, காலையும் மாலையும் ஐந்து நிமிடம் நடந்தால் போதும். டாக்டர் சம்மதித்தால் சிறிது சிறிதாகக் கூட்டி, சில வாரங்களில் அரை மணி நேரத்துக்குக் கொண்டு வரலாம்.

எவ்வளவு வேகம் நடப்பது? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். பேச்சே தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று பொருள். நாடியைப் பிடித்து எண்ணிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். இதய நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் நாடித் துடிப்பைக் குறைத்துவிடும். அந்த எண்ணிக்கையை நம்பி வேகத்தைக் கூட்டினால் ஏமாந்துபோவோம். பேச்சுக் கணக்கே நம் வீடுகளுக்கு ஏற்றது.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே நின்று உட்கார வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை டாக்டர் கொடுத்திருந்தால், உட்கார்ந்த பிறகே வைத்துக்கொள்ள வேண்டும். நின்றபடி வைத்தால் அழுத்தம் குறைந்து விழுந்துவிடக்கூடும். அந்த மாத்திரை சட்டைப் பையில் இருக்க வேண்டுமே தவிர, வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை. ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 999-ஐ அழையுங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். "நாங்கள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மரம் மரமாக நடந்து, காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவர்கள். எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?" நியாயமான கேள்விதான். லண்டன் நகரில் பஸ் ஓட்டுநர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதற்கு அது பெரிய சான்று. ஆனால் பால் வெட்டிய உடம்பு, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த சில மாதத்தில் அந்தப் பலனை இழக்கத் தொடங்குகிறது. சுருட்டும் சிகரெட்டும், இனிப்பான தேநீரும், கருவாட்டு உப்பும், கட்டுப்படாத நீரிழிவும் ஒருபுறம் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. மலேசிய இந்தியர்களின் உயிரைக் குடிக்கும் நோய்களில் இதய நோய் முன்னணியில் நிற்பது இதனால்தான்.

செம்பனைத் தோட்டத்து வேலையில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 20 கிலோவுக்கும் மேல் கனக்கும் குலைகள் உண்டு. அதைத் தூக்கும்போது பலர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சை அடக்கித் தம் கட்டினால் இரத்த அழுத்தம் அந்தக் கணத்தில் எகிறிவிடும். குனியும்போது மூச்சை வாங்கி, தூக்கும்போது வாயால் விடப் பழக வேண்டும். இது நோயாளிக்கு மட்டுமல்ல, சுகமாக உள்ளவருக்கும் பொருந்தும்.

இனி நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் விஷயம். 1992-இல் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் தொடங்கிய பிறகு, நம் மக்களில் பலரும் இந்தச் சிகிச்சை பெற்று வந்திருக்கிறார்கள். அறுத்த இடம் வலிக்கும் என்று பயந்து இருமாமல் இருப்பதுதான் இவர்கள் செய்யும் பெரிய பிழை. இருமாவிட்டால் சளி அடியில் தங்கி, காற்றறைகள் சுருங்கி, நிமோனியா காய்ச்சல் வந்துவிடும். ஒரு தலையணையை மார்போடு இறுக அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும். மார்பெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்; அதுவரை தண்ணீர் வாளி, பேரப்பிள்ளை இரண்டையும் தூக்கக்கூடாது. எழும்போது கையை ஊன்றி உந்தாமல், பக்கவாட்டில் புரண்டு எழ வேண்டும். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்து அனுப்புவார்கள். அதைப் பலர் ஊதிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். அது ஊதுவதற்கு அல்ல, உறிஞ்சுவதற்கு! மெதுவாகக் காற்றை உள்ளே இழுத்து, பந்து மேலே நிற்கும்படி சற்று நேரம் பிடிக்க வேண்டும்.

நுரையீரல் நோய் நம் வீடுகளில் வேறு வேடத்தில் வருகிறது. "தாத்தாவுக்கு வயதான இருமல்" என்று விட்டுவிடுகிறோம். வயதுக்கென்று ஓர் இருமல் கிடையாது. ஆண்டுக்கணக்கில் புகைத்ததாலும், விறகடுப்புப் புகையில் சமைத்ததாலும் மூச்சுக்குழல்கள் சுருங்கிப்போன நோய் அது. பீடி தொடாத பாட்டிகளுக்கும் அது வருவது அடுப்படிப் புகையால்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, முதலில் கிளினிக்கில் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூச்சு இரைப்பவர்களுக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. மூக்கால் இரண்டு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஊதாங்குழலில் அடுப்பை ஊதுவது போன்ற வேகம் கூடாது. எதிரே ஒரு மெழுகுவர்த்தி இருந்தால் சுடர் சாய வேண்டும், அணையக்கூடாது. குவிந்த உதடு குழல்கள் மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. உள்ளே சிக்கிய பழைய காற்று வெளியேறி, புதிய காற்றுக்கு இடம் கிடைக்கிறது. இரைப்பு அதிகமானால் நாற்காலியில் உட்கார்ந்து, சற்று முன்குனிந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு இதைச் செய்யுங்கள். படுக்க வைத்தால் இரைப்பு கூடும்.

சளியை வெளியேற்ற, விடாமல் இருமிக் களைத்துப்போக வேண்டியதில்லை. சில சாதாரண மூச்சு, பிறகு மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு, பின்பு வாயை அகலத் திறந்து, கண்ணாடியில் ஆவி படர ஊதுவதுபோல் 'ஹா' என்று வேகமாக மூச்சை விடுதல். சளி மேலே ஏறி வந்ததும் ஒரே இருமலில் துப்பிவிடலாம். முதுகில் தட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கற்றுக்கொடுத்தவர் சொன்னபடி, கையைக் கிண்ணம்போல் குவித்துத் தட்டினால் சிலருக்குப் பயன் தரும். உணவு உண்டவுடன் கூடாது. சளியில் இரத்தம் கண்டவருக்கும், விலா எலும்பு முறிந்தவருக்கும், எலும்பு தேய்ந்த முதியவருக்கும் தட்டவே கூடாது.

புகைமூட்டக் காலத்தில் வெளியே நடப்பதை நிறுத்திவிட வேண்டும். 2013 ஜூன் மாதம் நமக்குப் பக்கத்து மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 வரை போனது பலருக்கு நினைவிருக்கும். குறியீடு 100-ஐத் தாண்டினாலே மூச்சு நோயாளிகள் வீட்டுக்குள்ளேயே நடந்து பயிற்சி செய்வது நல்லது.

கடைசியாக, வேலையைப் பற்றி. நாட்கூலிக் குடும்பத்தில் ஒருவர் படுத்தால் அடுப்பும் படுக்கிறது. அந்தப் பயத்திலேயே சிலர் பிசியோதெராபி நாட்களைத் தவறவிட்டு, உடல் தேறும் முன்பே கத்தியையும் அலக்கையும் எடுக்கிறார்கள். வேறு சிலர் இனி எந்த வேலைக்கும் போக முடியாது என்று முடங்கிவிடுகிறார்கள். பெர்கேசோ சந்தா கட்டியவர்கள் நோயாலோ விபத்தாலோ வேலை செய்ய இயலாமல் போனால், மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் ஒன்று 2007 முதல் நடந்து வருகிறது. அதன் துன் ரசாக் மறுவாழ்வு மையம் நம் டுரியான் துங்காலுக்கு அருகிலேயே, ஹங் துவா ஜெயாவில் இருக்கிறது. உங்கள் நிலைக்கு என்ன உதவி கிடைக்கும் என்று மலாக்கா பெர்கேசோ அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். போகும்போது அடையாள அட்டையும், ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதமும், சம்பளச் சீட்டும், சாப்பிடும் மாத்திரைகளும் கையில் இருக்கட்டும். விவரம் கேட்க மகனோ மகளோ உடன் போனால் இன்னும் நல்லது.