5 அளவுகள், ஒரு சதவிகிதம்... காசநோய் மரணங்களைத் தடுக்க தமிழ்நாடு போடும் கணக்கு!

2022 ஜனவரி முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? ஒமைக்ரான் வந்திறங்கிய நேரம். இரவு ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்று சென்னை மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. பொங்கல் நெருங்குகிறதே, தி.நகர் ரங்கநாதன் தெரு என்னவாகும் என்ற கவலை ஒரு பக்கம். அந்த நேரத்தில்தான் ஐ.ஐ.டி. மெட்ராஸிலிருந்து ஓர் எண் வெளியானது: 4.

இந்தியாவின் 'ஆர் வேல்யூ' அதுதான் என்றார்கள். கூடவே ஒரு கணிப்பு: மூன்றாம் அலை பிப்ரவரி 1 முதல் 15-க்குள் உச்சம் தொடலாம். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் வரை இந்தத் தேதிகள் போய்ச் சேர்ந்தன. ஆனால், உச்சம் அதற்கு முன்பே வந்துபோனது. ஜனவரி 20-ஐ ஒட்டி நாடு முழுக்க ஒரே நாளில் 3.4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. அதோடு எண்ணிக்கை இறங்க ஆரம்பித்துவிட்டது.

'இவங்க போடுற கணக்கெல்லாம் எதுக்குங்க?' என்ற சலிப்பு அப்போது நிறைய பேருக்கு வந்தது. நியாயம்தான். ஆனால், நோயைக் கணக்கில் பிடிக்கும் அதே துறையிலிருந்து வந்த இன்னொரு மாடல் இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு அலை, உச்சம் எதுவும் தெரியாது. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு காசநோயாளிக்கு உயிராபத்து எவ்வளவு என்று மட்டும் சொல்லும். இந்த இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால், அடுத்த முறை ஓர் எண் வைரல் ஆகும்போது அதை எப்படிப் பார்ப்பது என்பதும் புரிந்துவிடும்.

அதென்ன ஆர் வேல்யூ?

ஒருவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்று பரவுகிறது என்பதுதான் ஆர். அது 4 என்றால் ஒருவர் நான்கு பேருக்கு, அந்த நான்கு பேர் 16 பேருக்கு, அப்படியே நான்காவது சுற்றில் 256 பேர். அதுவே 1.2 என்றால் நான்கு சுற்று முடிந்தும் இரண்டு பேர்தான். ஒன்றுக்குக் கீழே போய்விட்டால் தொற்று தானாகத் தேய்ந்துவிடும்.

ஐ.ஐ.டி. மெட்ராஸின் கணிதத் துறையைச் சேர்ந்த ஜெயந்த் ஜா அப்போது இதை மூன்று விஷயங்களாகப் பிரித்து விளக்கினார். ஒருமுறை தொடர்பு ஏற்பட்டால் தொற்றுவதற்கான வாய்ப்பு எவ்வளவு, ஒருவர் எத்தனை பேரைச் சந்திக்கிறார், எத்தனை நாள் அவரால் பரப்ப முடியும். மாஸ்க் போட்டால் முதலாவது குறையும். ஊரடங்கு போட்டால் இரண்டாவது. சீக்கிரம் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினால் மூன்றாவது. 'வீட்டிலேயே இருங்கள்' என்று அரசு சொன்னதற்குப் பின்னால் இருந்த கணக்கு இவ்வளவுதான்.

சென்னைக்கு இது புதுசும் இல்லை. 2020 ஏப்ரலிலேயே தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் சிதாப்ரா சின்ஹா இந்தியாவுக்கான ஆர் வேல்யூவைக் கணக்கிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதத் தொடக்கத்தில் 1.83 ஆக இருந்தது சில நாள்களிலேயே 1.55 ஆனது. (இந்த நிறுவனத்தின் விதை விழுந்தது மயிலாப்பூர் லஸ் பகுதியில் இருந்த அல்லாடி ராமகிருஷ்ணன் வீட்டு மாடியில். அங்கே நடந்த இயற்பியல் வகுப்புகள்தான் வளர்ந்து 1962-ல் நிறுவனமாக மாறின. மயிலாப்பூர்க்காரர்கள் தாராளமாகக் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.)

தேதி ஏன் தப்பியது?

ஜெயந்த் ஜா குழுவின் எண்களை வரிசையாகப் பார்த்தால் விடை கிடைக்கும். ஜனவரி 1 முதல் 6 வரை ஆர் 4. அடுத்த வாரம் 2.2. அதற்கடுத்த வாரம் 1.57. அந்த மூன்றாவது வாரத்தில் சென்னை 1.2-லும், மும்பை 0.67-லும் இருந்தன. அதாவது, மும்பையில் அலை ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றே வாரத்தில் நிலைமை தலைகீழ்!

மனிதர்கள் சும்மா இருப்பதில்லை என்பதுதான் இதில் சிக்கல். 'நாலு' என்ற செய்தியைப் படித்தவர் கல்யாணத்துக்குப் போவதைத் தவிர்க்கிறார். ஆபீஸ் மறுபடி வொர்க் ஃப்ரம் ஹோம் ஆகிறது. பள்ளிகள் மூடப்படுகின்றன. கணிப்பைக் கேட்டவர்களே கணிப்பை மாற்றிவிடுகிறார்கள். மழை வரும் என்று வானிலை மையம் சொன்னால் மேகம் பயந்து ஓடுவதில்லை. நாம் ஓடுவோம்.

இன்னொன்று, டேட்டா. ஜனவரி 10-ம் தேதி ஐ.சி.எம்.ஆர். பரிசோதனை விதியை மாற்றியது. தொற்றாளருடன் தொடர்பில் இருந்தவர்களில் வயதானவர்கள், இணைநோய் உள்ளவர்கள் தவிர மற்றவர்களுக்கு டெஸ்ட் தேவையில்லை என்றது. வீட்டிலேயே கிட் வாங்கி டெஸ்ட் செய்தவர்கள் பலர் கணக்கிலேயே வரவில்லை. அளக்கும் கோலே நடுவில் மாறினால் கணக்கு என்ன செய்யும்?

இது ஒரு குழுவின் பிரச்னை அல்ல. 2021 இரண்டாம் அலையில், உச்சம் ஏப்ரல் நடுவில் வந்துவிடும், தினசரி தொற்று ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கும் என்று ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் தொடர்புடைய 'சூத்ரா' மாடல் முதலில் சொன்னது. உண்மையில் மே முதல் வாரத்தில் அது 4 லட்சத்தைத் தாண்டியது. அந்த நாள்களில் ஆக்ஸிஜனுக்காக அலைந்த குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் வெறும் எண் இல்லை.

இந்த மாடல்களின் பூர்விகமும் இந்தியாவோடு தொடர்புடையதுதான். இங்கே மருத்துவப் பணியில் இருந்து, இமாச்சலின் கசௌலியில் பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர் மெக்கெண்ட்ரிக். பிறகு ஸ்காட்லாந்து போய், கெர்மாக் என்பவருடன் சேர்ந்து 1927-ல் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய தொற்றுநோய் மாடல்கள் பலவற்றுக்கும் தாத்தா. அதில் அவர்கள் சமன்பாட்டைப் பொருத்திப் பார்த்தது 1905-06 பம்பாய் பிளேக் மரணங்களோடு. கவனியுங்கள், நடந்து முடிந்த ஒரு தொற்றை விளக்கினார்கள். நடக்கப்போவதைத் தேதி குறித்துச் சொல்வது அதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

காசநோய்க்கு வேறு கணக்கு

இப்போது காசநோய்க்கு வருவோம். இந்தியாவில் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொல்லும் நோய் இது. மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு ஏன் இத்தனை மரணம்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். ஒரு காலத்தில் காசநோய் என்றாலே மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும். தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு இதை மாற்றியது. வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று 1959-ல் முடிவு வந்தது. அந்த ஆய்வு மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்தது.

பெரும்பாலானவர்களுக்கு அது சரிதான். ஆனால், கண்டுபிடிக்கும்போதே எலும்பும் தோலுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் 'மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க' என்று வீட்டுக்கு அனுப்பினால்? காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நடக்கிறது. மாத்திரை வேலையைக் காட்டுவதற்குள் உடம்பு தோற்றுவிடுகிறது. காசநோய்க்குப் படுக்கை தேவையில்லை என்று நிரூபித்த ஊர், இப்போது யாருக்கெல்லாம் கட்டாயம் படுக்கை தேவை என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

2022 ஏப்ரலில் தொடங்கிய 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லா திட்டம்' இதற்காகத்தான். நோய் உறுதியானதும் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை, அதாவது பி.எம்.ஐ. இரண்டு காலிலும் வீக்கம் இருக்கிறதா. நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா.

இதற்கு ஸ்கேன் வேண்டாம், லேப் வேண்டாம். எடை மெஷின், உயரம் அளக்கும் டேப், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஒரு கடிகாரம் போதும். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலே, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே... இப்படி ஏதாவது ஒன்று இருந்தாலே 'தீவிர நிலை'. பி.எம்.ஐ. 14 என்றால் என்ன என்று மனதில் பதிய வேண்டுமானால்: 160 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் எடை 36 கிலோகூட இல்லை என்று அர்த்தம்.

10-க்கும் 50-க்கும் நடுவில்

மூன்று ஆண்டுகள் இது 'ஆமாம்/இல்லை' கேள்வியாகவே இருந்தது. தீவிரமா, இல்லையா? அதில் ஒரு குறை உண்டு. தீவிரம் என்ற ஒரே லேபிளுக்குள் எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அன்றைக்கே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியவரும் அதே பட்டியலில், அவரைவிடக் கொஞ்சம் தெம்பாக இருப்பவரும் அதே பட்டியலில்.

இங்குதான் கணிதம் உள்ளே வருகிறது. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை கண்டறியப்பட்ட சுமார் 56,000 காசநோயாளிகளின் விவரங்களை எடுத்தது. அந்த ஐந்து அளவுகளில் எது எப்படி இருந்தவர்கள் பிழைத்தார்கள், யார் இறந்தார்கள் என்று பார்த்து மாடலை உருவாக்கியது. சிம்பிளாகச் சொன்னால், ஒவ்வொரு அறிகுறிக்கும் அது மரணத்தோடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டினால் கடைசியில் ஒரு சதவிகிதம் கிடைக்கும்.

2025-ல் இந்த மாடலை, ஊழியர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த 'டி.பி. சேவா' என்ற செயலியிலேயே சேர்த்துவிட்டார்கள். ஐந்து அளவுகளையும் பதிவிட்டால் இறப்பதற்கான வாய்ப்பு எத்தனை சதவிகிதம் என்று திரையில் தெரியும். தீவிரமில்லாத நோயாளிகளுக்கு அது 1 முதல் 4. தீவிர நிலையில் இருப்பவர்களுக்கு 10-ல் தொடங்கி 50 வரை. சுமார் 2,800 அரசு மருத்துவ நிலையங்களில் இந்தத் தரம்பிரிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. மாநில அளவில் இப்படி ஒரு கணிப்பு மாடலைக் காசநோய் திட்டத்தோடு இணைத்தது தமிழ்நாடுதான் முதல்.

'தீவிர நிலை' என்று எழுதிய சீட்டைப் பார்ப்பதற்கும், '45 சதவிகிதம்' என்று திரையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, இல்லையா? நோயாளியை அட்மிட் செய்யத் தமிழ்நாட்டில் சராசரியாக ஒரு நாள்தான் ஆகிறது என்கிறார்கள். ஆனால், தீவிர நோயாளிகளில் நான்கில் ஒரு பங்கினருக்கு ஆறு நாள்கள் வரை தாமதமாகிறது. அந்த ஆறு நாளைச் சுருக்கத்தான் இந்த எண்.

45 சதவிகிதம் என்றால் விதி எழுதியாச்சா?

இல்லவே இல்லை. இதே போன்ற உடல்நிலையில் வந்த 100 பேரில் சுமார் 45 பேரை இழந்திருக்கிறோம் என்று மட்டுமே அது சொல்கிறது. முன்னால் இருப்பவர் அந்த 45-ல் ஒருவரா, மீதி 55-ல் ஒருவரா என்பது மாடலுக்குத் தெரியாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயமும் உண்டு. டேட்டா எடுக்கப்பட்ட காலத்திலேயே, தீவிர நோயாளிகளை அட்மிட் செய்யும் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, அந்தச் சதவிகிதம் அன்று கிடைத்த கவனிப்பையும் சேர்த்தே வருகிறது. கவனிப்பு மேம்பட்டால் உண்மையான இறப்பு மாடல் சொன்னதைவிடக் குறையும். கணிப்பு தப்பாக வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படும் கணக்கு இது! கொரோனா மாடலுக்கு அவமானமாகப் போனது இதற்கு வெற்றி. ஆனால், அப்போது பழைய டேட்டாவை வைத்துக்கொண்டு உட்காராமல் மாடலைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

என் பார்வையில், இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கணித நுட்பம் அல்ல. சொல்லப்போனால் காசநோய் மாடல்தான் ரொம்ப எளிமையானது. உச்சம் எப்போது என்று தெரிந்து நீங்களோ நானோ செய்யக்கூடியது பெரிதாக எதுவும் இல்லை. 45 என்று தெரிந்தால் ஒரு நர்ஸால் போன் எடுத்துப் படுக்கை கேட்க முடியும்.

சாப்பாட்டுக்கும் ஒரு மாடல்

ஐந்து அளவுகளில் முதலாவது எடை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கெடுத்து, ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2023-ல் வந்தது. காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான். அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது.

இதையே நாட்டில் உள்ள காசநோயாளிகளின் குடும்பங்களில் பாதிக்குக் கொடுத்தால் என்னவாகும் என்று லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் ஆராய்ச்சியாளர்கள் மாடல் போட்டுப் பார்த்தார்கள். 2035-க்குள் சுமார் 3.6 லட்சம் மரணங்களைத் தவிர்க்கலாம் என்று வந்தது. இது தேதி சொல்லும் கணிப்பு அல்ல, 'இப்படிச் செய்தால்?' வகை. பட்ஜெட் போடுபவர்களுக்கானது. காசநோயாளிகளுக்கான மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை மாதம் 500 ரூபாயாக இருந்து 2024 நவம்பரில்தான் 1,000 ஆனது. இன்றைய பருப்பு விலைக்கு அதில் ஒரு குடும்பம் எவ்வளவு வாங்கும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம்.

செயலி சதவிகிதத்தைக் காட்டும், படுக்கையை உருவாக்காது. தினக்கூலி வேலைக்குப் போகும் ஒருவர் 'அட்மிட் ஆனா வீட்டை யார் பார்ப்பா?' என்று கேட்டால் அதற்கு அந்தத் திரையில் பதில் கிடையாது. தனியார் கிளினிக்கில் நோய் கண்டறியப்படுபவர்கள் இன்னொரு பக்கம். அவர்களைப் பற்றி அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்பது 2012 முதல் சட்டப்படி கட்டாயம். ஆனால், இந்த ஐந்து அளவுகளையும் பார்த்துத் தரம்பிரிக்கும் முறை அரசு நிலையங்களுக்கானது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், காரணமே இல்லாமல் எடை குறைவு என்று இருந்தால் அருகில் உள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாகச் சளி பரிசோதனை செய்துகொள்ளலாம். சந்தேகம் கேட்க 104 அல்லது 1800-11-6666 எண்ணை அழைக்கலாம்.