மயிலாப்பூர் ஏன் கேள்விக்குறி ஆனது?

தி. நகரில் வாங்கிய சரக்கு வீட்டுக்கு வருகிறது. பொட்டலத்தில் ஒட்டிய சீட்டில் கதவு எண் சரி, 600004 என்ற பின்கோடும் சரி. மயிலாப்பூர் என்று இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாக 11 கேள்விக்குறிகள். தமிழில் விவரம் வாங்கும் எந்த மென்பொருளிலும் இது நடக்கலாம். ‘ஃபான்ட் பிரச்சினை சார்’ என்று கவுன்டரில் சொல்லிவிடுவார்கள். பாவம், ஃபான்ட் மேல் பழி. ஃபான்ட் இல்லையென்றால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கேள்விக்குறி வந்தால் பெரும்பாலும் எழுத்தே தொலைந்துவிட்டது என்று பொருள்.

அது தொலையும் இடங்களில் முக்கியமானது டிரைவர். பில் போடும் மென்பொருள் ஒருவர் எழுதியது. விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் வேறொரு நிறுவனத்துடையது. இந்தப் பக்கத்து எண், தேதி, எழுத்து ஆகியவற்றை அந்தப் பக்கத்து வகைகளாக மாற்றிக் கொடுக்க நடுவில் நிற்கும் சிறு மென்பொருள்தான் டிரைவர். இதற்கென்று மைக்ரோசாஃப்ட் 1992-ல் ஓடிபிசி என்ற பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஜாவாவுக்கு 1997-ல் ஜேடிபிசி வந்தது. எண்ணும் தேதியும் படுத்தும் பாடு தனிக் கதை. தமிழுக்கு அடி விழுவது எழுத்து வகையில்.

எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். அதில் எழுத்துக்கு வார்சார், என்வார்சார் என இரு வகைகள். இரண்டாவது யூனிகோடு. முதலாவது, 2019-ல் யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வசதி சேரும்வரை, விண்டோஸின் பழைய குறிப்பட்டியல்களையே நம்பியிருந்தது. கிரேக்கத்துக்கும் அரபிக்கும் தாய் மொழிக்கும் அப்படி ஒவ்வொரு பட்டியல் உண்டு; தமிழுக்கு இல்லை. நாம் சும்மா இருந்துவிடவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டி டாம், டாப் என்ற 8 பிட் குறியாக்கங்களைத் தமிழக அரசு ஏற்றது. ஆனால் விண்டோஸ் 2000-க்குள் தமிழ் நுழைந்தது யூனிகோடு வழியாகத்தான். ஆகவே தமிழ்ப் பெயரை வார்சாராக அனுப்பச் சொன்னால், டிரைவரோ சர்வரோ அதை மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் தேடும். கிடைக்காத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதுதான் கொடுமை.

சில இடங்களில் தெரிந்தே செய்கிறார்கள். எஸ்கியூஎல் சர்வரின் ஜாவா டிரைவர், வழக்கமாக எல்லாச் சொற்களையும் யூனிகோடாகவே அனுப்பும். பழைய வார்சார் பத்தியில் தேடும்போது இதனால் இன்டெக்ஸ் பயன்படாமல் வேகம் குறையலாம். உடனே இணைப்பு அமைப்பில் அந்த வசதியை அணைத்துவிடுவார்கள். ஆங்கிலத் தேடல் பறக்கும். அதே இணைப்பில் வரும் தமிழ்ப் பெயர் போய்விடும்.

சரி, 11 எங்கிருந்து வந்தது? ம, யி, லா, ப், பூ, ர் என நமக்கு 6 எழுத்து. யூனிகோடுக்கு இகரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனி, ஆக 11. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 33. ஆரக்கிள் டேட்டாபேஸில் நீளத்தை வெறுமனே 30 என்று அறிவித்தால் இயல்பாக அது பைட் கணக்கு. 33 அதில் அடங்காது. டேட்டாபேஸ் பிழை காட்டித் திருப்பிவிடும். அந்தத் தொல்லை வேண்டாமென்று மென்பொருளே 30-ல் நறுக்கி அனுப்பினால் கடைசிப் புள்ளி உதிர்ந்து ‘மயிலாப்பூர’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் இதே பெயர் 8 பைட். படிவத்தின் அகலத்தை ஆங்கிலப் பெயரை வைத்து அளப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கேள்விக்குறிக்குப் பதிலாக, மேலே சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற வணிகக் குறியும் மாறி மாறி வந்தால் சந்தோஷப்படுங்கள். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படித்தவர்தான் பட்டியலைத் தவறாகப் பிடித்திருக்கிறார். பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

யூனிகோடுக்கு மாறிய பிறகும் வேலை முடிவதில்லை. மா, காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகள் உட்பட 51 தமிழ்க் குறிகள் 2019-ல் யூனிகோடில் சேர்ந்தன. இவற்றுக்குத் தலா 4 பைட் வேண்டும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் நெடுங்காலம் ‘யுடிஎஃப்8’ என்ற பெயரில் இருந்தது 3 பைட்டோடு நின்றுவிடும். 4 பைட் வகை 2010-ல் தனிப் பெயரோடு வந்தது. பழைய வகைப் பத்தியில் ஒரு நிலக் கணக்கைப் பதிவேற்றி, தவறான விவரத்தை மறுக்கும் கண்டிப்பு முறையும் அணைந்திருந்தால், முந்திரிக் குறி வந்த இடத்தோடு வரி அறுந்துவிடும். அட்டவணையைப் புதிய வகைக்கு மாற்றினால் மட்டும் போதாது, டிரைவரின் இணைப்பு அமைப்பையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கும் கோட்டூர்புரம். அதன் ‘கோ’வில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பல டேட்டாபேஸ்களுக்கு இவை இரண்டு வேறு ஊர்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. பல டிரைவர்கள் இதைச் சரிசெய்யாமல் வந்ததை வந்தபடியே கடத்தும். ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது மென்பொருள் எழுதுபவர் வேலை. புதிய மென்பொருளைக் கையில் வாங்குபவர்கள் ‘டெஸ்ட்’, ‘ஏபிசி’ என்று தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, கோட்டூர்புரத்தை இரண்டு விதமாகவும் சேமித்து, ஒரே தேடலில் இரண்டும் வருகிறதா என்று பார்க்கலாம்.