இசைத்தமிழ்க் கலைச்சொற்களைக் கற்றல்: பெயரும் பொருளும்

ஒரு துறையின் கலைச்சொற்களை அறிவது அத்துறைக்குள் நுழைவதற்குரிய முதற்படி என்பர். இசைத்துறையைப் பொறுத்தவரை இக்கூற்று பாதி உண்மையே. செவி ஓர் ஒலியை அறிந்த பின்னரே அவ்வொலிக்குரிய சொல் பொருளுடையதாகிறது. தமிழ் இலக்கிய மாணவர் பலர் இம்முறையை மாற்றிச் செல்கின்றனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எதிர்கொள்ளும்போது, குரல் என்பது சட்சம், துத்தம் என்பது ரிஷபம், கைக்கிளை காந்தாரம், உழை மத்திமம், இளி பஞ்சமம், விளரி தைவதம், தாரம் நிஷாதம் என ஒரு பட்டியலை மனனம் செய்துகொள்கின்றனர். தேர்வுக்கு அது போதும். நூலைப் படிக்கவோ அதன்வழி இசையை உணரவோ போதாது. ஏன் போதாது என்பதையும், அடிப்படைச் சொற்களை எவ்வாறு கற்றால் பயனுண்டு என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் நோக்க வேண்டியது, இச்சொற்களில் பல இசைக்கு மட்டுமே உரியவையல்ல என்பதாகும். கைக்கிளை அகப்பொருளில் ஒருதலைக் காமம்; உழை மான்; தாரம் மனைவி; குரல் தினைக்கதிருக்கும் பெயர். ‘நரம்பு’ என்னும் சொல் யாழின் தந்தியைக் குறித்துப் பின் அத்தந்தி எழுப்பும் சுவரத்தையும் குறித்தது. பழந்தமிழர் சுவரத்தை நினைத்தபோது அவர்தம் மனக்கண்முன் நின்றது யாழ் என்பதை இவ்வொரு சொல்லே காட்டுகிறது. மலாய் மொழியறிந்த நம் மாணவர்க்கு இன்னொரு செய்தியும் சுவை பயக்கும். மலாயில் குரலைக் குறிக்கும் ‘சுவாரா’ என்னும் சொல் வடமொழிச் ‘சுவர’த்திலிருந்து வந்தது. அங்கே சுவரம் என்ற சொல் மனிதக் குரலைக் குறிக்கலாயிற்று. தமிழிலோ குரல் என்ற சொல் முதற்சுவரத்தின் பெயராயிற்று.

சுருதியும் மாத்திரையும்

இன்று இசை பயில்வோர் முதலில் கேட்கும் சொல் சுருதி. அதற்கு மூன்று பொருள்கள் வழக்கில் உள்ளன. பாடுவோர் தமக்கு ஆதாரமாகக் கொள்ளும் ஒலிநிலை ஒன்று. தம்புராவோ சுருதிப்பெட்டியோ இடைவிடாது எழுப்பும் ஒலி மற்றொன்று. ஒரு தானத்தை, அதாவது ஏழு சுவரங்கள் கொண்ட ஒரு சுற்றினை, இருபத்திரண்டாகப் பகுத்த நுண்ணளவு மூன்றாவது. ‘சுருதி சேரவில்லை’ என்று ஆசிரியர் கூறும்போது முதற்பொருளும், ‘22 சுருதிகள்’ என்று நூல் கூறும்போது மூன்றாம் பொருளும் கொள்ள வேண்டும். முதற்பொருளை அளக்க இசையாசிரியர்கள் பயன்படுத்தும் ‘கட்டை’ என்னும் சொல் எளிமையானது. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிப் பிறந்தது. மேலைநாட்டார் ‘சி’ எனக் குறிக்கும் ஒலி ஒரு கட்டை. ‘ஜி’ ஐந்து கட்டை. ஆடவர் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், மகளிர் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவர். எந்த அகராதியையும்விடத் தெளிவாகச் சுருதியின் முதற்பொருளை இக்கட்டைக் கணக்கு உணர்த்திவிடும்.

நுண்ணளவைப் பழந்தமிழ் உரைமரபு மாத்திரை என்கிறது. யாப்பிலக்கணம் பயின்ற மாணவர் இங்கே இடர்ப்படுவது இயல்பே. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என யாப்பில் எண்ணப்படும் மாத்திரை காலத்தின் அளவு. நரம்புக்குக் கூறப்படும் மாத்திரையோ ஒலி உயரத்தின் அளவு. சிலப்பதிகார உரையில் மேற்கோளாக வரும் பழம்பாடலொன்று குரலுக்கும் துத்தத்திற்கும் நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்திற்கு இரண்டு என வகுக்கிறது. கூட்டினால் இருபத்திரண்டு.

இனி, ‘துத்தத்திற்கு நான்கு மாத்திரை’ என்பதன் பொருள் யாது? குரலிலிருந்து துத்தம் வரையுள்ள இடைவெளி நான்கு என்பதா, துத்தத்திலிருந்து கைக்கிளை வரையுள்ள இடைவெளி நான்கு என்பதா? முதற்பொருளைக் கொண்டால் குரலிலிருந்து மேல்நோக்கிய இடைவெளிகள் 4, 3, 2, 4, 3, 2, 4 என அமையும். மூன்றும் நான்கும் முழு இடைவெளி, இரண்டு அரை இடைவெளி என்று வைத்துப் பாடினால் கிடைப்பது அரிகாம்போதி. இரண்டாம் பொருளைக் கொண்டால் 4, 4, 3, 2, 4, 3, 2 என்றாகிக் கல்யாணி கிடைக்கும். ஒரு சொல்லை எப்பக்கத்திலிருந்து அளப்பது என்னும் சிறு வினா, பழந்தமிழரின் முதற்பாலை எவ்வாறு ஒலித்தது என்னும் பெருவினாவின் விடையையே மாற்றிவிடுகிறது. செம்பாலை அரிகாம்போதியே என்பது சிலப்பதிகார இசையை ஆராய்ந்த எஸ். இராமநாதன் முதலியோர் முடிபு. சங்கராபரணம் எனக் கொண்டோரும் உளர். ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் (1917), விபுலானந்த அடிகளின் யாழ் நூல் (1947) ஆகியவற்றை ஒருங்கே வைத்துப் படிக்கும் மாணவர், ஒரே சொல்லுக்கு இரு நூலும் ஒரே பொருள் தரும் என எதிர்பார்த்தல் கூடாது.

பாலையும் பண்ணும்

பாலை என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது ஐந்திணையுள் ஒன்று. இசையில் அது ஏழு நரம்பும் நிரம்பிய அடிப்படை அடுக்கு. செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழு. பெயர்களை ஒப்பிப்பது எளிது. அவை ஏன் ஏழாயின, ஒன்றிலிருந்து ஒன்று எவ்வாறு பிறந்தது என்பதை இளங்கோவடிகள் ஒரு கூத்தாகவே காட்டியுள்ளார் என்பேன். ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு கன்னியரை நிறுத்தி ஒவ்வொருத்திக்கும் ஒரு நரம்பின் பெயர் இடுகிறாள். குரல் மாயவன், இளி பலராமன், துத்தம் நப்பின்னை. குரலின் இருபுறமும் துத்தமும் தாரமும் நிற்கின்றனர். இளியின் இருபுறமும் உழையும் விளரியும். வரிசையின் முதலாகிய குரலும் கடைசியாகிய தாரமும் அருகருகே நிற்பதால் இது வட்டம். வட்டத்திற்குத் தொடக்கம் என ஒன்றில்லை. எவளிடமிருந்தும் எண்ணத் தொடங்கலாம். தொடங்கும் இடம் மாறினால் பாலை மாறும்.

இதைக் கேட்டறிய யாழ் தேவையில்லை. பல வீடுகளில் உள்ள மின்விசைப் பலகையே போதும். கறுப்புக் கட்டைகளைத் தொடாமல், ஐந்தாம் வெள்ளைக் கட்டையை ஆதாரமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் அரிகாம்போதி. செம்பாலையை அதுவெனக் கொள்வோம். அடுத்த கட்டையை ஆதாரமாக்கினால் நடபைரவி, இது படுமலை. அதற்கடுத்த கட்டையில் தொடங்கினால் முறையான பஞ்சமம் கிடைக்காமல் இரு மத்திமங்கள் வந்து நிற்கும், இது செவ்வழி. பின்னர் முறையே சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி எனத் தொடரும். இவை அரும்பாலை, கோடி, விளரி, மேற்செம்பாலை. இன்றைய இசைவாணர் கிரகபேதம் என்பதும், தமிழிசை ஆய்வாளர் பண்ணுப்பெயர்த்தல் என்பதும் இச்செயலையே. ஒருமுறை வாசித்துக் கேட்டவர்க்கு இவ்விரு சொற்களும் பின்னர் மறப்பதில்லை.

நரம்புகளின் உறவைக் குறிக்கும் இணை, கிளை, பகை, நட்பு என்னும் சொற்களும் இத்தகையனவே. கிளை என்பதற்குப் பழைய நூற்பா தரும் வரிசை குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்பது. ஒவ்வொன்றும் முன்னதற்கு ஐந்தாவதாக நிற்பதைக் காணலாம். மற்றவை குறிக்கும் இடைவெளிகளைப் பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. எனவே இவற்றைக் கையாளும் மாணவர் யாருடைய விளக்கத்தைப் பின்பற்றுகிறார் என்பதைக் கூறிவிடுதல் நன்று.

பண் என்னும் சொல்லுக்கு வருவோம். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய காலத்திலிருந்தே இராகத்தைப் பண் என வழங்கும் விருப்பம் தமிழர்களிடையே வலுப்பெற்றுள்ளது. விருப்பம் நியாயமானதே. ஆயினும் பெயரை மாற்றி எழுதுவதனாலேயே பொருள் விளங்கிவிடாது. ஓதுவார் மரபில் தக்கேசி இன்று காம்போதியிலும், கௌசிகம் பைரவியிலும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியிலும் பாடப்படுகின்றன. இது இன்றைய பாடுமுறையைக் காட்டும் சான்று. சம்பந்தர் காலத்துத் தக்கேசி காம்போதியே என்பதற்குச் சான்றாகாது. இதனினும் மயக்கம் தருவன காந்தாரம், பஞ்சமம் என்னும் பண்கள். தேவாரப் பதிப்பில் பதிகத்தின் தலைப்பில் ‘பண்: பஞ்சமம்’ எனக் காணும் மாணவர், அதனைப் ‘ப’ என்னும் சுவரத்தோடு தொடர்புறுத்திக்கொள்ள வாய்ப்புண்டு. அங்கே பஞ்சமம் ஒரு பண்ணின் பெயர். அதனை இன்று ஆகிரியில் பாடுவர். நம் நாட்டுக் கோயில்களில் தேவாரம் கற்கும் சிறுவர்க்குப் பதிகத்தின் பண்ணையும் அதற்கு இன்று வழங்கும் இராகத்தையும் ஒருசேரச் சொல்லித் தந்தால் இம்மயக்கம் தோன்ற இடமில்லை.

தாளச் சொற்கள்

தாளத்தில் இத்துணைச் சிக்கல் இல்லை. கை அறிந்ததை நாவு எளிதில் பெயரிடும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை உடையது. ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் சேர்ந்து லகு. ஒரு தட்டும் ஒரு வீச்சும் சேர்ந்து திருதம். ஒரு லகுவும் இரு திருதங்களும் ஆதி. லகு மட்டுமே தன் அளவில் மாறும். திச்ரமாயின் மூன்று, சதுரச்ரமாயின் நான்கு, கண்டமாயின் ஐந்து, மிச்ரமாயின் ஏழு, சங்கீர்ணமாயின் ஒன்பது. ஏழு தாளங்களை இவ்வைந்து சாதிகளால் பெருக்கியே முப்பத்தைந்து தாளம் என்றனர். சிலப்பதிகார உரையில் இவற்றுக்கு ஈடாகக் கொட்டு, அசை, தூக்கு, அளவு என்பன வருகின்றன. முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரை. இங்கு மாத்திரை மீண்டும் காலத்தின் அளவாகிவிட்டதைக் கவனிக்க. அசையும் தூக்கும் செய்யுளியலிலும் வருவன ஆதலின், யாப்புக் கற்ற மாணவர் இப்பகுதியிலிருந்தே இசைச்சொற்களைத் தொடங்குதல் எளிது. மேசையின்மேல் கையால் தட்டிக்கொண்டே ஓர் ஆசிரியப்பாவைச் சீர் சீராகப் படித்துப் பார்த்தால், நாற்சீரடி நான்கு தட்டுகளில் அடங்குவதை அவரே கண்டுகொள்வார்.